மானுக்குப் போட்ட தோட்டம்

ஓமேர் நாடோவுக்கு மான் என்றால் உயிர். இதைச் சொன்னால் ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் அந்த வடக்கத்தி ஆற்றங்கரையில் எல்லோருக்குமே மான் என்றால் உயிர்தான். வேட்டை மாதமான நவம்பரில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகாத ஆண்பிள்ளையை அங்கே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஓமேரின் பைத்தியம் வேறு வகை. மற்றவர்களுக்கு நவம்பரோடு மான் தீர்ந்துபோகும். இவருக்கு ஏப்ரலில்தான் அது தலைக்கேறும்.

ஏப்ரலில் பனி உருகத் தொடங்கியதும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடையோரமாக நடந்து போவார். அங்கே ஒரு குட்டி மான், காலை மடக்கிப் படுத்தது படுத்தபடியே செத்துக் கிடக்கும். எலும்பும் தோலுமாக, வயிறு ஒட்டிப்போய். சில வருஷம் ஒன்று, சில வருஷம் இரண்டு. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

“பட்டினில செத்திருக்கு, ஃப்ளோரின். நம்ம கொல்லைலயே. நாம இங்க மூணு வேளையும் மொக்கிக்கிட்டு இருக்கோம்.”

“சரி, அதுக்கு என் தரை என்ன பாவம் பண்ணுச்சு? பூட்ஸைக் கழட்டு,” என்பாள் அவர் மனைவி ஃப்ளோரின்.

ஃப்ளோரின் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் காலமெல்லாம் பெரிய பெரிய அண்டாவில் கோழி சூப் கிண்டியவள். பசி, பட்டினி என்று யார் சொன்னாலும் அவளுக்கு உடனே ஒரு கரண்டி கையில் வேண்டும். ஆனாலும் காட்டு மிருகத்துக்குச் சோறு போடுவதைப் பற்றி அவள் யோசித்ததில்லை. ஓமேர்தான் யோசித்தார். மீசை முளைத்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை காகித ஆலையில் உருளைக்குப் பக்கத்திலேயே நின்ற மனிதர் அவர். அந்த இரைச்சலில் காது பாதி கேட்காமல் போய்விட்டது. கடைசி வரை மேலாளருக்கு அவர் பெயர் தெரியாது. ஓய்வு பெற்ற மறு மாதமே, பாக்கி இருக்கும் காலத்தில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்வது என்று முடிவு கட்டினார். தன் கொல்லையில் இனி ஒரு மானும் பட்டினியால் சாகக் கூடாது.

கொல்லை என்றா சொன்னேன்? அது ஓமேரின் கொல்லையே இல்லை. ஃப்ளோரினின் அப்பா சாகும்போது தன் காட்டை நடுவே கோடு கிழித்து மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். மகன் நோர்மான் மிஷோ உருளைக்கிழங்கு விவசாயி. பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய டிராக்டர். ஓடை ஓடுகிற பாதி தங்கச்சிக்குப் போனதில் அவருக்கு இன்னும் வயிற்றெரிச்சல் ஆறவில்லை. சண்டையெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் எப்படியாவது ஒரு தடவை அதைத் தட்டைப் போல நடுவில் எடுத்து வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

“மாப்ளே, எங்கப்பன் உனக்கு ஆத்தையே குடுத்துட்டுப் போயிருக்கான். எனக்குக் கல்லு. நான் கல்லைப் பொறுக்கி வித்துப் பொழைச்சுக்கறேன், நீ நல்லா இரு.”

“அது ஆறு இல்ல மச்சான், ஓடை. கோடைல வாத்து கூட நடந்துதான் போகும்.”

அந்த எல்லைக் கோடு ஒரு பள்ளத்தின் நடுவே போனது. பள்ளம் முழுக்க குளிர்காலத்திலும் இலை உதிராத ஊசியிலை மரங்கள், ஃபிரும் சீடாரும், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். நடுப்பகலில் உள்ளே போனாலும் சாயங்காலம் போல இருக்கும். பாதி ஓமேர் பக்கம், பாதி நோர்மான் பக்கம். கீழே புல் பூண்டு எதுவும் கிடையாது. வெறும் ஊசிச் சருகுதான். ஓமேர் அந்த இடத்தைப் பார்த்துத்தான் சொன்னார், இங்கே ஒரு வாய் தீனி கூட இல்லையே, மான் சாகாமல் என்ன செய்யும் என்று.

தோட்டம் போட அந்தப் பள்ளத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். காரணம் இல்லாமல் இல்லை. மேட்டில் எங்கே மண்வெட்டி வைத்தாலும் கல்லில் டங்கென்று இடிக்கும். பள்ளத்தில் சமதரை, கறுப்பு மண், பக்கத்திலேயே தண்ணீர். அதோடு மேற்கேயிருந்து மொட்டுப்புழு வந்துகொண்டிருக்கிறது, ஃபிர் மரத்தையெல்லாம் மொட்டையடித்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. புழு தின்பதற்கு முன்னால் வெட்டினால் ஆலைக்காவது ஆகும்.

“அங்க ஏன்?” என்று ஃப்ளோரின் ஒரே ஒரு தடவை கேட்டாள். பக்வீட் என்ற தானிய மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். “குளிர்காலத்துல அதுங்க அங்கதானே போய்ப் படுக்குதுங்க? சின்னதுல நாங்க அந்தப் பக்கம் போனாலே அப்பா திட்டுவாரு.”

“படுக்கிறதுக்கு இந்தக் காட்டுல இடமா இல்ல? படுக்க இடம் இல்லாம எதுவும் சாகாது, ஃப்ளோரின். திங்க இல்லாமத்தான் சாகும்.”

ஃப்ளோரின் கல்லில் மாவை ஊற்றி அடை வார்க்கப் போய்விட்டாள். ஓமேரும் ஜெயித்த திருப்தியோடு நாலு அடையை வெண்ணெய் தடவிச் சுருட்டிச் சாப்பிட்டார்.

அந்தக் குளிர்காலத்திலேயே தன் பக்கத்து ஃபிர்களை வெட்டிச் சாய்த்தார். கோடையில் நோர்மானே வந்து வேர்க்கட்டைகளைப் பிடுங்கிக் கொடுத்தார். அந்த ஊரில் அது ஒரு குணம். வாயால் எவ்வளவு குத்தினாலும், வேலை என்று கூப்பிட்டால் இயந்திரத்தோடு வந்து நிற்பார்கள். ஊசியிலை உதிர்ந்து உதிர்ந்து புளித்துப்போன மண் அது. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்ட வேண்டியிருந்தது. கோதுமை மாதிரி முளைக்கும் குளிர்கால ரை, க்ளோவர் புல், ஆகஸ்ட் பிறக்கும்போது டர்னிப் கிழங்கு. கொசு பிய்த்துத் தின்ற அந்த மாதங்களில் ஓமேர் காலை முதல் இருட்டும்வரை பள்ளத்திலேயே கிடந்தார். ஆலையில் நின்ற காலத்தில் அவர் ஒரு நாளும் இத்தனை சந்தோஷமாக வீடு திரும்பியதில்லை. இதை ஃப்ளோரினே சொல்லியிருக்கிறாள்.

டர்னிப் இலையை முதலில் மான்கள் சீண்டவே இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு க்ளோவரை மேய்ந்துவிட்டுப் போயின. ஊரில் சிரித்தார்கள். பிறகு முதல் உறைபனி விழுந்து இலை இனித்தது. ஒரு சாயங்காலம் ஓமேர் போய் எட்டிப் பார்த்தால், இத்தனை வருஷம் வாலை மட்டுமே காட்டிவிட்டு ஓடிய கூட்டம், தலையைக் கூடத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது. பெண் மான்கள், குட்டிகள், கொம்பு வைத்த இளசுகள். ஓமேர் மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அழுததை அவரே வந்து ஃப்ளோரினிடம் சொன்னார், வெட்கப்படவில்லை.

நவம்பரில் நடந்ததை ஊர் இன்றும் பேசும். மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் ஏறிய இரண்டாம் நாளே, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கிடா மான் வந்து நின்றது. கழுத்து தடித்து, கொம்பு விரிந்து, வயசான கிடா. ஓமேர் சுட்டுச் சாய்த்தார். வேட்டை மானையெல்லாம் தூக்கி நிறுக்கும் ஊர்க் கடையில் எடை போட்டபோது இருநூறு பவுண்டைத் தாண்டியது. அதுவரை இளங்கிடாவைத் தாண்டி எதையும் சுடாத ஓமேர், கடைச் சுவரில் படமாகத் தொங்கினார். காப்பி குடிக்க வந்தவர்களெல்லாம் டர்னிப் எப்போது விதைப்பது, சுண்ணாம்பு எவ்வளவு என்று அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். ஆலை மேலாளருக்குப் பெயர் தெரியாத மனிதர், காது பாதி கேட்காத மனிதர், பாடம் எடுத்தார். விட்டால் சாயங்காலம்வரை எடுப்பார்.

“நீ எங்க மாப்ளே வேட்டையாடினே?” என்றார் நோர்மான், எல்லோர் முன்னாலும். “விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, பரிமாறிட்டு, கழுத்தைப் புடிச்சிருக்கே.”

எல்லோரும் சிரித்தார்கள். ஓமேரும் சிரித்தார். ஆனால் வெளியே வந்ததும் நோர்மான் சிரிக்கவில்லை. வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “நானும் என் பக்கத்தை வெட்டிடறேன். ஜனவரில, தரை உறைஞ்சதும். மரம் வெட்டற கான்ட்ராக்டர்கிட்ட பேசிட்டேன். அடுத்த வருஷம் ரெண்டு தோட்டமும் ஒண்ணா இருக்கும். மான் யார் பக்கம் வருதுன்னு பாப்போம்.”

“பேஷா வெட்டு மச்சான்! விதை நான் தரேன்.”

இந்த வார்த்தையை நினைத்து ஓமேர் பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருஷம் பனி கிறிஸ்துமஸுக்கு முன்பே இடுப்பளவுக்கு வந்துவிட்டது. பிறகும் நிற்கவில்லை. காற்றும் சேர்ந்துகொண்டது. ஓமேர் கவலைப்படவில்லை. கீழே டர்னிப் இருக்கிறது, மான் காலால் கிளறித் தின்னும் என்று ஃப்ளோரினிடம் சொல்லிக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார். புது வருஷம் பிறந்து சில நாளில், பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் நீளமான பனிச் செருப்பைக் காலில் கட்டிக்கொண்டு, தன் விருந்தாளிகளைப் பார்க்கப் போனார்.

பள்ளம் வெள்ளையாக, வழவழவென்று, ஆள் மார்பளவு பனியோடு கிடந்தது. மரம் இல்லாததால் வானத்திலிருந்து விழுந்த அத்தனையும் தரைக்கே வந்திருந்தது. காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறியது. நடுவில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. அது வந்த தடம் தெரிந்தது. நடந்து வரவில்லை, நீந்தி வந்திருக்கிறது. மார்பால் பனியை உழுது உழுது வந்து, பள்ளத்தின் நடுவில் தெம்பு போய்ப் படுத்திருக்கிறது. அதன் தாய் முந்தைய குளிர்காலங்களில் அங்கேதான் படுத்திருக்கும். தாயின் தாயும் அங்கேதான். இந்த வருஷமும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது, வந்து பார்த்தால் தலைக்கு மேல் கூரையாக நின்ற மரங்களைக் காணோம்.

இதெல்லாம் ஓமேருக்கு அப்போது புரியவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தீனி. செத்த குட்டியின் பக்கத்திலேயே பனியைத் தோண்டினார். அழுகாமல், உறைந்து, உருண்டையாக டர்னிப்புகள் வரிசையாக இருந்தன. ஐயோ, எட்டாமல் போய்விட்டதே என்று வீட்டுக்கு ஓடி மண்வெட்டியை எடுத்துவந்தார். அன்றிலிருந்து தினமும் வெட்டினார். பாத்தி பாத்தியாகப் பனியை வாரி ஒதுக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. ஃப்ளோரின் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, “அறுபதைத் தாண்டின மனுஷன் பண்ற வேலையா இது?” என்று திட்டினாள். திட்டிய மறுநாள் அவளும் ஒரு மண்வெட்டியோடு வந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் மானுக்குப் பந்தி வைத்தார்கள்.

மான் வரத்தான் செய்தது. நோர்மான் பக்கத்து மரங்களுக்குள்ளிருந்து சாயங்காலம் தள்ளாடி வந்து, திறந்த வெளியில், காற்று உரோமத்தைப் பிரித்துப் போட நின்று தின்றது. தின்றுவிட்டுத் திரும்பிப் போக முடியாமல் சில அங்கேயே படுத்தன. காலையில் போய்ப் பார்த்தால் ஒன்று எழுந்திருக்காது. மறுநாள் இன்னொன்று. எத்தனை என்று ஓமேர் எண்ணவில்லை, எண்ணுவதற்கு மனசு வரவில்லை.

ஒரு காலை, விறைத்துக் கிடந்த ஒரு பெண் மானின் வயிற்றைக் கத்தியால் கிழித்தார். உள்ளே நிறைய டர்னிப். அவர் கையால் தோண்டிக் கொடுத்த டர்னிப். பிறகு தொடையெலும்பைக் கோடாரியால் உடைத்தார். அந்த ஊரில் வேட்டைக்குப் போகிற யாருக்கும் இது தெரியும்: நல்ல மானின் மஜ்ஜை வெண்ணெய் மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். இது சிவப்பாக, கூழாக வழிந்தது. உடம்பிலிருந்த கடைசிச் சொட்டுக் கொழுப்பும் எரிந்து தீர்ந்த பிறகுதான் அப்படி ஆகும். வயிறு நிறைந்திருக்கிறது, ஆனாலும் பட்டினிச் சாவு. ஓமேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றார்.

காற்று தாங்கவில்லை. ஒதுங்குவதற்காக எல்லையைத் தாண்டி நோர்மானின் ஃபிர்களுக்குள் போனார். நாலு எட்டு உள்ளே போனதும் காற்று நின்றது. பனிச் செருப்பு அடிமரங்களில் உரசியது. கீழே பனி முழங்கால் அளவு கூட இல்லை, மற்றதெல்லாம் தலைக்கு மேலே கிளைகளில் கிடந்தது. மான்கள் மிதித்து மிதித்துச் சந்து மாதிரி வழிகள் போட்டு வைத்திருந்தன. ஓமேர் கையுறையைக் கழற்றினார். கழற்றிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதைக் கவனித்தார். வெளியே கழற்றினால் விரல் போய்விடும். இங்கே சும்மா நிற்கலாம். மான் குளிர்காலத்தில் செய்வது இதைத்தான்: சும்மா நிற்பது, சேர்த்து வைத்த கொழுப்பைச் சிக்கனமாக எரித்துக்கொண்டு வசந்தம்வரை தள்ளுவது. ஒரு வாய் தீனி கூட இல்லாத இருட்டு என்று அவர் சொன்ன இடம்தான் அவற்றை உயிரோடு வைத்திருந்தது. ஓடையோரம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு செத்ததைப் பார்த்தாரே தவிர, மற்றவை ஏன் சாகவில்லை என்று அவர் ஒரு தடவை கூடக் கேட்டுப் பார்த்ததில்லை.

எதிரே மரங்களில் ஆரஞ்சு நாடா கட்டியிருந்தது. கான்ட்ராக்டர் கட்டிவிட்டுப் போன வெட்டு அடையாளம்.

உடைத்த எலும்பைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேராக நோர்மான் வீட்டுக்குப் போனார். நோர்மான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓமேர் எலும்பை மேஜைமேல் வைத்தார்.

“சோறு திங்கற இடத்துல என்ன மாப்ளே இது?”

“வெட்டாதே மச்சான். உன் பக்கத்தை வெட்டாதே. நான் பண்ணினது தப்பு.” மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். பனியை, காற்றை, வயிற்றில் இருந்த டர்னிப்பை. “இருக்கிறதெல்லாம் இப்ப உன் மரத்துக்குள்ளதான் ஒண்டிக்கிட்டு இருக்கு. அதுவும் போச்சுன்னா ஒண்ணு மிஞ்சாது.”

நோர்மான் எலும்பைக் கரண்டிக் காம்பால் திருப்பிப் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர்தான். முகத்தில் ஏதோ ஓடியது. பிறகு அது மறைந்துவிட்டது.

“குட்டிங்க எந்தக் குளிர்லயும் சாகும். வருஷா வருஷம் நீதானே வந்து ஒப்பாரி வைப்பே? அப்ப மரம் இருந்துச்சே?”

“அது ஒண்ணு ரெண்டு. இது குட்டி இல்ல, தாய்.”

“நவம்பர்ல ‘பேஷா வெட்டு மச்சான்’னியே.”

“சொன்னேன். எனக்குத் தெரியாது அப்ப.”

“இப்பத் தெரிஞ்சுடுச்சு.” நோர்மான் கரண்டியை வைத்தார். “நல்லாத் தெரிஞ்சுடுச்சு. உனக்குத் தோட்டம் வந்தாச்சு, கிடா வந்தாச்சு, கடைல படம் வந்தாச்சு. இப்ப எனக்கு மட்டும் வேணாம். என் மரத்துல மான் தூங்கணும், உன் தோட்டத்துல வந்து திங்கணும், உன் துப்பாக்கில சாகணும். ஓடையும் உனக்கு, மானும் உனக்கு. எங்கப்பன் கூட இவ்வளவு குடுக்கல மாப்ளே.”

“அந்தக் கிடாவை என் டர்னிப் வளக்கல மச்சான்! அதுக்கு அஞ்சாறு வயசு. அத்தனை குளிரையும் அந்த மரத்துக்குக் கீழதான் தாண்டியிருக்கு. நான் வெட்டின மரத்துக்குக் கீழ!”

“அப்ப சுட்டிருக்கக் கூடாது,” என்றார் நோர்மான். மறுபடி கரண்டியைக் கையில் எடுத்தார்.

ஓமேர் கடையிலும் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. போன மாதம்வரை ஊருக்கெல்லாம் டர்னிப் பாடம் எடுத்தவர் இப்போது தோட்டமே போடாதே என்றால் யார் நம்புவார்கள்? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மச்சானுக்கு இடம் கொடுக்க மனசில்லை, அதற்கு இப்படி ஒரு கதை என்றார்கள். ஓமேர் அவர்கள் முகத்தைப் பார்த்தார். தானும் அங்கே நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்பது அவருக்குத் தெரிந்தது. அதுதான் அவரை ரொம்ப வாட்டியது.

வீட்டில் ஃப்ளோரின் இரண்டு நாள் அடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் பேசினாள்.

“நான் கேட்டேன். அங்க ஏன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“பதில் சொல்லி என் வாயை அடைச்சே. நானும் அடை சுடப் போயிட்டேன். என்னையும் சேத்துதான் சொல்றேன்.” இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தாள். “அண்ணன்கிட்ட நான் பேசவா?”

“நீ பேசினா ஓடையை இழுப்பாரு.”

அதுவும் உண்மைதான். ஆனாலும் போனாள். போய்விட்டுக் கண் சிவந்து வந்தாள். ஓடையைத்தான் இழுத்திருந்தார்.

அந்த வாரக் கடைசியில் லாரியில் வெட்டு இயந்திரம் வந்து இறங்கியது. சாலைப் பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தார்கள். ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து, அறுத்து, அப்படியே தூக்கிக் கிளையை உருவிப் படுக்க வைக்கும் இயந்திரம். ஓமேருக்குக் காது பாதிதான் கேட்கும். அந்தச் சத்தம் மட்டும் முழுசாகக் கேட்டது. ஒவ்வொரு மரம் விழும்போதும் சமையலறை ஜன்னலில் பனித்தூள் எழும்புவது தெரிந்தது. உள்ளே இருப்பவை ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளத்தின் மூலைக்கு வந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் ஒதுங்க ஓமேரின் வெட்டவெளிதான் இருந்தது. ஓமேர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

நோர்மான் இயந்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கான்ட்ராக்டரோடு நின்றிருந்தார். ஓமேர் வருவதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார்.

“மறுபடி எலும்பு கொண்டாந்திருக்கியா மாப்ளே?”

“என்ன வேணும் சொல்லு மச்சான். நிறுத்தறதுக்கு உனக்கு என்ன வேணும்?”

கான்ட்ராக்டர் வேறு பக்கம் பார்த்தார். நோர்மான், கேட்டால் ஓமேரின் மூஞ்சி தொங்கும் என்று தெரிந்தே கேட்கிறவர் மாதிரி, நிதானமாகக் கேட்டார்.

“உன் பள்ளம். வர்ற நவம்பர்ல இருந்து நீ அங்க பரண்ல உக்காரக் கூடாது. நான் உக்காருவேன். நான் சாகற வரைக்கும். நீ துப்பாக்கியோட அந்தப் பக்கமே வரக் கூடாது.”

அந்த ஊரில் இப்படி ஒருவரிடம் கேட்பது, வீட்டுச் சாவியைக் கேட்பதை விட மோசம். கான்ட்ராக்டர் கூட, “அட, என்னண்ணே...” என்று இழுத்தார்.

“எடுத்துக்கோ,” என்றார் ஓமேர்.

“வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வந்து சொல்லு.”

“எடுத்துக்கோ மச்சான். பரணையும் எடுத்துக்கோ. நான் வரமாட்டேன். இப்ப அந்தச் சனியனை நிறுத்தச் சொல்லு, இன்னும் ரெண்டு மரம் போயிடுச்சு பாரு!”

நோர்மானின் கை தானாக அவிழ்ந்தது. அவர் பேரம் பேசத்தான் வந்திருந்தார். ஓமேர் இழுப்பார், முனகுவார், பாதிக்கு ஒத்துக்கொள்வார், அதை வைத்து அவரை ஊரெல்லாம் கிண்டலடிக்கலாம் என்று நினைத்திருந்தார். எலும்பைப் பார்த்து நம்பாததை, தங்கச்சி கண்ணீரைப் பார்த்து நம்பாததை, இப்போது நம்பினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரத்தின் முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். சத்தம் நின்றது.

“எங்கன்னு காட்டு,” என்றார் திரும்பி வந்து.

பனிச் செருப்பைக் கட்டிக்கொண்டு இருவரும் மிச்சமிருந்த மரங்களுக்குள் போனார்கள். நோர்மானின் பாதியில் பாதி ஏற்கெனவே போயிருந்தது. ஓமேர் முன்னால், நோர்மான் பின்னால். மிதிபட்ட சந்து வழிகள், கடிபட்ட சீடார் கிளைகள். பள்ளத்தின் மூலைக்கு முன் ஓமேர் கையை நீட்டித் தடுத்தார்.

எல்லாம் அங்கே இருந்தன. ஒன்றை ஒன்று ஒட்டி, அடி மரங்களுக்கு நடுவே நெருக்கியடித்துப் படுத்திருந்தன. எந்த மானும் ஆளைக் கண்டால் ஓடும். இவை ஓடவில்லை. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தன. விலா எலும்பு கோடு கோடாகத் தெரிந்தது. ஒரு குட்டி எழுந்திருக்கப் பார்த்தது. பின்னங்கால் நடுங்கி, பாதி எழுந்து, அப்படியே நின்றது.

“எந்திரிக்குதே,” என்று கிசுகிசுத்தார் நோர்மான். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

“நம்மளைப் பாத்துத்தான். இன்னும் ரெண்டு எட்டு வச்சா எல்லாம் எந்திரிக்கும். வெட்டவெளிக்கு ஓடும். ஓடினா முடிஞ்சுது.”

“இப்ப என்ன பண்றது? வைக்கோலாவது ஏதாவது...”

“ஒண்ணும் பண்ணாதே. வா, போயிடலாம்.”

பனிச் செருப்பில் பின்னால் நடக்க முடியாது, செருப்பின் பின்முனை பனியில் குத்திக்கொள்ளும். ஒரு காலைத் தூக்கி, சுற்றி, வைத்து, மறுகாலைத் தூக்கி, இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே திரும்பினார்கள். நோர்மானின் உடம்புக்கு அது லேசில் முடியவில்லை.

கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் நோர்மான் பேசினார். “எத்தனை தேறும் மாப்ளே?”

“தெரியல மச்சான். இன்னும் ரெண்டு மாசம் குளிர் இருக்கு.”

“ஒண்ணும் தேறலைன்னா, நான் நவம்பர்ல யாருக்காக உக்காரப் போறேன்?”

மேலே கிளைகளில் மறுபடி பனி விழத் தொடங்கியிருந்தது, கீழே வந்து சேரவில்லை. அந்தக் குட்டி மறுபடி படுத்துவிட்டதா என்று திரும்பிப் பார்க்க ஓமேருக்கு உயிர் துடித்தது. பார்க்கவில்லை. வெட்டினார், உழுதார், விதைத்தார், பனியைத் தோண்டினார், அத்தனையும் அவற்றுக்காகத்தான் செய்தார். கடைசியில் அவற்றுக்கு உதவியது இப்படி ஒன்றும் செய்யாமல் விலகி நடப்பது ஒன்றுதான் என்று தெரிந்து, தெரிந்தபடியே வீட்டைப் பார்த்து நடந்தார்.